இந்திராணி அக்காவின் கொசுவமும் ஒரு கிளாஸ் விஸ்கியும்

என் அக்கா இந்திராணி குடிப்பாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால், ஏதோ பெரிய வியாதி வந்தவளைப் பற்றிப் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கும். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. விஸ்கி உண்டு, கெட்ட வார்த்தை உண்டு. விஸ்கி மாதத்தில் ஒரு நாள். கெட்ட வார்த்தை தினமும்.

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை நெய்கிறவர்களுக்கும் குறைவில்லை, விற்கிறவர்களுக்கும் குறைவில்லை. வாங்கிக்கொண்டு போகிற பெண்களுக்குத்தான் அதைக் கட்டத் தெரியாது. அக்கா அந்தச் சந்து வழியாகத்தான் முன்னேறினாள். கல்யாணத்துக்கு முந்தின நாளே புடவை அவள் கைக்கு வந்துவிடும். கொசுவம் எடுத்து, மடிப்பு மடிப்பாக இஸ்திரி போட்டு, பின் குத்தி, அட்டைப்பெட்டி மாதிரி மடித்து எடுத்துக்கொண்டு போவாள். மறுநாள் விடியற்காலையில் பாதித் தூக்கத்தில் நிற்கிற மணப்பெண்ணுக்கு ஏழு நிமிடத்தில் கட்டிவிடுவாள். அந்தப் பெண் கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்க்கும்போது மகாலட்சுமி மாதிரி நிற்பாள். நான் சங்கீதா, தங்கை. இஸ்திரிப்பெட்டி என் பொறுப்பு. திட்டு வாங்குவதும் என் பொறுப்புதான்.

இந்த வேலையால்தான் சென்னையிலிருக்கும் பெரிய ஓட்டல்களுக்குள் கால் வைத்தோம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு ஓட்டலில், ரிசப்ஷனுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மணப்பெண் கை நடுங்குகிறது என்று கீழே பாரிலிருந்து ஒரு கிளாஸ் வரவழைத்தாள். மேலே வெள்ளை நுரை, அதன்மேல் ஒரு செர்ரிப் பழம். இரண்டு மடக்கு குடித்தாள். அதற்குள் போட்டோகிராபர் கூப்பிட்டுவிட்டார். கிளாஸ் மேஜைமேலேயே நின்றது.

அக்கா வாயிலிருந்த கடைசிப் பின்னை எடுத்துப் பெட்டியில் போட்டாள். கிளாஸைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் எதையும் வீணாக்கக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். எடுத்துக் குடித்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, எச்சி" என்றேன்.

"பொண்ணு லிப்ஸ்டிக் போட்டுக்கினு இருந்துச்சு, எச்சி பட்டிருக்காது" என்றாள். காலிக் கிளாஸை மறுபடி மோந்து பார்த்தாள். "சங்கீதா, இது நல்லா இருக்குதுமா. எலுமிச்சம்பழம் இருக்குது, வெல்லப்பாகு மாதிரி ஒண்ணு இருக்குது, அடியில மரக்கட்டை வாசனை ஒண்ணு வருது பாரு."

அது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்று கீழே பாருக்கே இறங்கிப் போனாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, நெற்றியில் திருநீறு. நான் பின்னால் இஸ்திரிப்பெட்டியோடு. கல்லாவுக்குப் பின்னால் நின்ற பையனுக்கு முப்பது வயதிருக்கும். பெயர் கிறிஸ்டோபர், சொந்த ஊர் தூத்துக்குடி. நாங்கள் வழி தவறி வந்துவிட்டோம் என்று நினைத்து, கல்யாண மண்டபம் மாடியில் என்று கை காட்டினான்.

"மண்டபத்துலேர்ந்துதாம்பா வரேன். நுரையா ஒண்ணு மேல அனுப்புனியே, அது இன்னா?"

"விஸ்கி சவர், அம்மா."

"விஸ்கியா" என்றாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "நுரை எதுல போடறே?"

"முட்டை வெள்ளைக்கரு அம்மா."

அக்காவின் முகம் அப்போதுதான் சுருங்கிப் போயிற்று. நாங்கள் சைவம். முட்டை ஓடு தெருவில் கிடந்தால் அந்தப் பக்கம் நடக்கவே மாட்டாள். கழிப்பறைக்கு ஓடினாள். பத்துத் தடவை வாய் கொப்பளித்தாள், திருநீற்றை எடுத்து நாக்கில் போட்டுக்கொண்டாள், சிவசிவா என்றாள். விஸ்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது ஒரு பொருட்டாகவே அவளுக்குப் படவில்லை. நான் இதைச் சொல்லி இன்றுவரை சிரிக்கிறேன், அவள் இன்றுவரை என்னை முறைக்கிறாள்.

அடுத்த முகூர்த்தத்துக்குப் போனபோது கிறிஸ்டோபர் ஒரு வழி வைத்திருந்தான். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை விஸ்கியோடு சேர்த்துக் குலுக்கினால் அதே நுரை வருமாம். வெளிநாட்டில் சைவக்காரர்களுக்கு அப்படித்தான் செய்கிறார்களாம். அக்கா மோந்து பார்த்தாள்.

"சுண்டல் தண்ணி."

"ஆமாம்மா."

"இது கோயில்லயே குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குடித்தாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது: வாயில் பின் இருக்கிறவரை கிளாஸ் கிடையாது. மாலை ஏழு மணிக்கு ரிசப்ஷன் மேடையில் பெண்ணை ஏற்றிவிட்டு, கை கழுவிவிட்டுத்தான் பாருக்குள் போவாள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எட்டரைக்கு வண்டி ஏறினால் பத்தரைக்குள் ஊர் வந்துவிடும், தோசைக்கு மாவு கரைக்க வேண்டியதுதான். நான் குடிப்பதில்லை. அந்தப் பார்களில் சும்மா கொடுக்கிற வறுத்த முந்திரியும் கடலையும் எனக்குப் போதும். ஒன்பது வருஷத்தில் நான் தின்ற முந்திரிக்குக் கணக்கு வைத்திருந்தால் ஓட்டல்காரர்கள் என்னைத்தான் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

கல்யாணம் எங்கே கூப்பிட்டதோ அங்கேயெல்லாம் போனாள். கடற்கரைச் சாலையில் மொட்டைமாடி பார் ஒன்றில், கிளாஸைக் கண்ணாடிக் கூண்டு போட்டு மூடி உள்ளே புகையை அடைத்துக் கொண்டுவந்தார்கள். கூண்டைத் தூக்கினதும் புகை எழும்பியது, பக்கத்து மேஜைக்காரர்கள் கைதட்டினார்கள். "சாம்பிராணி போடறதுக்கு இன்னாத்துக்குபா இவ்ளோ பில்டப்பு" என்றாள் அக்கா. பெங்களூரில் ஒரு பாருக்கு வாசலே இல்லை. புத்தக அலமாரியைத் தள்ளினால் அது கதவாகத் திறந்தது. ரகசிய பாராம், அதுதான் இப்போது நாகரிகமாம். "நம்ம தெரு ஆம்பளைங்க எல்லாரும் வருஷக்கணக்கா இப்பிடித்தான் பின்பக்கமா பூந்து வரானுங்க. அவனுங்க இன்னா நாகரிகமா?" என்று அங்கே வேலை செய்த பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் தமிழ்ப் பெண்ணாக இருந்து தொலைத்ததால் விழுந்து விழுந்து சிரித்தாள். புதுச்சேரியில் பழைய வீடு ஒன்றில் ஸ்காட்லாந்துத் தீவிலிருந்து வந்த புகை விஸ்கியைக் கொடுத்தார்கள். அணைத்த கொள்ளிக்கட்டை மாதிரி வாசனை. எனக்குக் குமட்டியது. அக்கா மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு, கிளாஸைச் சுழற்றி, கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் வைத்துக் குடித்தாள். அவ்வளவு நிம்மதியான முகத்தோடு அவள் வீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அன்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வீட்டில் இருந்தவர் மாமா. அக்காவின் புருஷன் சபாபதி. தெருவில் முதல் மூன்று நெசவாளர்களில் ஒருவர் என்று சொல்வார்கள். மற்ற இரண்டு பேர் யார் என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை. அக்கா குடிப்பது அவருக்குத் தெரியும், முதல் வாரமே அவளே சொல்லிவிட்டாள். தறிக் குழியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார், "ம்" என்றார், மறுபடி நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளினார். ஒன்பது வருஷமாக அந்த ஒரு "ம்"தான். திட்டவும் இல்லை, என்ன ருசி என்று கேட்கவும் இல்லை. அவர் இரண்டு அறை விட்டிருந்தால்கூட அக்கா திருப்பி நாலு விட்டு முடித்திருப்பாள். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

சரி, அம்மன் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருக்கோடியில் பொன்னியம்மன் கோயில். ஆடி கடைசி வெள்ளிக்கிழமை அம்மன் ஊர்வலம் புறப்படும். அன்றைக்குச் சாத்துகிற புடவைக்குக் கொசுவம் எடுத்துக் கொடுப்பவள் அக்கா. இருபத்திரண்டு வருஷமாக அவள்தான். கருவறைக்குள் போவதில்லை. மண்டபத்தில் புதுப்பாய் விரித்து, குளித்த ஈரத்தலையோடு உட்கார்ந்து, கொசுவம் எடுத்துக் குருக்களின் கையில் கொடுப்பாள். அதற்கு முன்னால் ஒன்பது நாள் விரதம். மணப்பெண்கள் ஆயிரம் பேருக்குக் கட்டிவிட்டிருக்கிறாள். ஆனால் அவளை எழுப்பி உட்காரவைத்து நீ யார் என்று கேட்டால், பொன்னியம்மனுக்குக் கொசுவம் எடுப்பவள் என்றுதான் சொல்வாள். மற்றதெல்லாம் அவளுக்கு வேலை. இது அவளுக்கு மரியாதை.

போன ஆடி மாதம் அந்த மரியாதைக்குத்தான் ஆபத்து வந்தது.

விழாக்குழுத் தலைவர் திருஞானசம்பந்தம். பெயருக்கேற்றபடி தேவாரம் பாடுவார், குரல் மட்டும் பெயருக்கேற்றபடி இருக்காது. அறுபத்திரண்டு வயது. அவருடைய புது மருமகள் யூடியூப் பார்த்துப் புடவை கட்டிவிடக் கற்றுக்கொண்டிருந்தாள். அம்மன் கொசுவத்தை அவள் எடுத்தாள் என்றால் தொழிலுக்கு நல்ல பெயர். இது தெருவுக்கே தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக எடுப்பவளை எதைச் சொல்லி எழுப்புவது? ஆடி பிறந்த மூன்றாம் நாள் விழாக்குழு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவர் தலைவர். கீழே, "ஒரு நலம்விரும்பி எனக்கு அனுப்பியது. மனம் வேதனைப்படுகிறது" என்று எழுதி, கும்பிடுகிற கை மூன்று போட்டிருந்தார்.

இருபத்தேழு விநாடி. கிறிஸ்டோபரின் பார். ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தன்று எடுத்தது. அக்கா கிளாஸை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறாள், மோந்து பார்க்கிறாள், ஒரு மடக்கு குடிக்கிறாள், ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். பதினேழாவது விநாடியில் நான் ஒரு கைப்பிடி முந்திரியை வாயில் போடுகிறேன். தெருவில் பாதிப் பேர் என்னைப் பார்த்துத்தான் அதிர்ச்சி அடைந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூட்டம். அக்காவின் கொசுவம் பற்றி முடிவெடுக்க. நாற்பது பேர் வந்திருந்தார்கள், பாதிப் பேர் ஏன் வந்தார்கள் என்று அவர்களின் கண்ணிலேயே தெரிந்தது. அக்கா முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் கை சில்லென்று இருந்தது, எனக்குப் பயமாகிவிட்டது. மாமா தூணுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு.

பொருளாளர் சிட்டிபாபு, தெலுங்குக்கார நெசவாளர், எல்லாரும் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று வீட்டிலிருந்து பெரிய டிவியைக் கொண்டுவந்து அம்மனுக்கு எதிரிலேயே வைத்திருந்தார். வீடியோ ஓடியது. தலைவர் எழுந்தார்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா அம்மன் மேல படற துணி. அத எடுக்கற கை சுத்தமா இருக்கணும். இந்த வருஷத்துலேர்ந்து வேற யாராவது எடுக்கட்டும்."

சிட்டிபாபு, "இன்னொருவாட்டி போடறேன், பின்னாடி இருக்கறவங்க பாக்கல" என்று மறுபடி ஓடவிட்டார். அவர் நல்லவர்தான், டிவி அவருடையதாயிற்றே.

இங்கேதான் எங்கள் ஆட்களின் குணத்தைச் சொல்ல வேண்டும். ஊரே தீப்பிடித்து எரிந்தாலும், எரிகிற துணி எந்தத் தறி என்று முதலில் பார்ப்பார்கள். இரண்டாம் தடவை ஓடும்போது அக்காவின் குடியைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அவள் கட்டியிருந்த புடவையின் முந்தானை யார் கை, ஜரிகை எங்கே வாங்கினது என்று பின்வரிசையில் பேச்சு எழுந்தது. அப்போது ஒருவர், "பின்னாடி கண்ணாடியில ஒரு அங்கவஸ்திரம் தெரியுது பாருபா, கரை நல்லாக்குது" என்றார்.

பாட்டில்களுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் ஓர் ஆள், கையில் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறார். போன் முகத்தை மறைத்திருந்தது. முகம் தெரியவில்லை என்ற தைரியத்தில்தான் அனுப்பியிருக்க வேண்டும். நெசவாளர் தெருவில் முகத்தை எவன் பார்க்கிறான்?

"நிறுத்துபா" என்றார் மாமா.

மண்டபமே திரும்பியது. அவர் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

"தோள்மேல போட்டுக்கினு இருக்காரே, அந்தக் கரையைப் பெருசு பண்ணு."

சிட்டிபாபு பெரிதாக்கினார். கரையில் வரிசையாக அன்னப்பட்சிகள். மாமா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, விரலால் தொட்டுக் காட்டினார். வரிசையில் ஒரே ஒரு அன்னம் கால் மேலே, தலை கீழே, மல்லாந்து கிடந்தது.

"டிசைன் அட்டை கோக்கும்போது ஒரு கட்டு தலைகீழாப் பூட்டிட்டேன். நெய்ஞ்ச பொறவுதான் பாத்தேன். அட்டையச் சரி பண்ணி மீதியை ஓட்டினேன். இதைப் பிரிக்க நேரமில்ல, மறுநாள் விசேஷம். யாரும் பாக்கமாட்டாங்கன்னு குடுத்துட்டேன்." விரலை அந்த அன்னத்தின் மேலேயே வைத்திருந்தார். "தலைவரோட அறுபதாம் கல்யாணத்துக்கு நான் நெய்ஞ்சது. இந்தத் தப்போட ஊர்ல வேற அங்கவஸ்திரம் கெடையாது."

இதன் கனம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் தெருவில் ஒரு மனிதன் குடித்தேன் என்று ஒப்புக்கொள்வான், கடன் வாங்கி ஓடினேன் என்று ஒப்புக்கொள்வான். ஓர் அன்னத்தைத் தலைகீழாக நெய்து, தெரிந்தே ஒருவர் தோளில் போட்டேன் என்று நாற்பது நெசவாளர்களுக்கு முன்னால் சொல்ல மாட்டான். அதுவும் முதல் மூன்று பேரில் ஒருவர். மாமாவின் காது மடல்கூடச் சிவந்திருந்தது.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் தம் வேட்டியைப் பார்த்தார்.

"பட்டுக்கடை ஓனரு ட்ரீட்னு கூப்ட்டாரு" என்றார். "நான் லெமன் சோடாதான்."

பின்வரிசையில் எவனோ சிரித்தான். அது நெருப்பு மாதிரிப் பரவி, தலைவரை மாற்ற வேண்டும் என்கிற வரை போயிற்று. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஜெயித்துவிட்டோம் என்று அக்காவின் கையை அழுத்தினேன். அவள் கையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"சிரிப்ப நிறுத்துங்கபா. சோடான்னு சொல்றாரு, சோடாவாவே இருக்கட்டும். அவரு குடிச்சாருன்னு எனக்குக் கொசுவம் குடுக்காதீங்க. எனக்கு அது வேணாம்."

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"நான் குடிச்சேன். மாசத்துல ஒரு நாளு. விஸ்கி. எனக்குப் புடிச்சிருக்குது, இனிமேலும் குடிப்பேன். அம்மனுக்கு விரதம் ஆரமிச்சா பச்சத்தண்ணிக்கு மேல எதையும் குடிச்சதில்ல, அது அவளுக்குத் தெரியும். இருவத்திரண்டு வருஷத்துல ஒரு மடிப்பு, ஒரே ஒரு மடிப்பு கலைஞ்சிருக்குதுன்னு யாராவது சொல்லுங்க. இப்பவே எழுந்து போயிடறேன். கை சுத்தமான்னு கேட்டா, என் கையப் பாருங்க. என் கிளாஸப் பாக்காதீங்க."

இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். குரல் கடைசியில் கொஞ்சம் பிசிறியது. அவளிடம் அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

தலைவர் மறுபடி எழுந்தார். "சோடா இல்ல" என்றார். "ரெண்டு லார்ஜ்." அவருடைய மருமகள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "இந்திராணியே எடுக்கட்டும். எனக்கு வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல." அந்த ஒரு நாள் மட்டும் அவர் குரல் நன்றாக இருந்ததாக எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வரும் வழியில் மாமா முன்னால், நாங்கள் பின்னால். வாசலில் செருப்பை விடும்போது அக்கா கேட்டாள்.

"அன்னத்த ஏன் சொன்னீங்க? இனிமே தெருவுல அதையே சொல்லிக்கினு இருப்பானுங்க."

"சொல்லட்டும்."

"ஒம்போது வருஷமா ஒரு வார்த்த பேசல. குடிக்காதன்னும் சொல்லல."

மாமா தறியறை வாசலில் நின்றார். திரும்பவில்லை. "நீ கொசுவம் எடுக்கும்போது கரை மேல கரை வந்து உக்காரும். நூல் பிசகாது. நான் நெய்றதவிட அது சுத்தம். அத எப்பிடிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. தப்பு பண்ணதச் சொல்றது சுலபமா இருந்துச்சு." உள்ளே போய்த் தறிக் குழியில் இறங்கிவிட்டார்.

அக்கா அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். எங்கள் அப்பா போனபோதுகூட அப்படி அழவில்லை. நான் என்ன செய்வதென்று தெரியாமல் காபி போட்டேன், அதிலும் சர்க்கரை போட மறந்துவிட்டேன்.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை கொசுவத்தை அவள்தான் எடுத்தாள். மாலை அம்மன் புறப்பட்டபோது தெருவே நிரம்பி வழிந்தது. எங்கள் வழக்கப்படி ஆண்கள் அம்மனுக்கு முன்னால் நடப்பார்கள், பெண்கள் பின்னால். நெசவாளர்கள் முன்வரிசையில் இடம் பிடிக்க அடித்துக்கொண்டார்கள். மாமாவைப் பார்த்து, "அன்னம், வாய்யா, முன்ன வா" என்று கூப்பிட்டார்கள். அவருக்கு இப்போது தெருவில் அதுதான் பெயர். அவர் வரவில்லை என்று கையை ஆட்டிவிட்டு, பெண்கள் கூட்டத்துக்குள் புகுந்து வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் நின்று, அவள் கையையே பார்த்துக்கொண்டு நடந்தார்.